கனடா பூர்வகுடிகளின் குடிநீர் ஒப்பந்தம்: யாருக்கு, எவ்வளவு, எதற்கு?

டொரான்டோவிலோ மொன்றியலிலோ குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். அங்கே மாகாணச் சட்டமும் நகராட்சியும் அதற்குப் பொறுப்பு. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலங்களோ மத்திய அரசின் அதிகாரத்தில் வருபவை. 2013இல் அவற்றுக்கென ஒரு குடிநீர்ச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒரு விதிமுறைகூட எழுதப்படாமலே 2022இல் அது நீக்கப்பட்டது.

விளைவைப் பார்க்க ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடிச் சமூகம் போதும். 1919 முதல் வின்னிபெக் நகரம் குடிப்பது ஷோல் ஏரித் தண்ணீரை. அந்த ஏரிக்கரையிலேயே வாழும் இந்தச் சமூகம் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தோ பாட்டிலில் வாங்கியோ குடித்தது. சுமார் 3.3 கோடி டாலரில் சுத்திகரிப்பு நிலையம் கட்டிய பிறகுதான், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை நீங்கியது.

கர்வ் லேக், நெஸ்கன்டாகா, டட்டாஸ்க்வேயாக் ஆகிய மூன்று சமூகங்கள் 2019இல் மத்திய அரசு மீது கூட்டு வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பரில் நீதிமன்றங்கள் ஒப்புதல் தந்த சமரச ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 800 கோடி டாலர். அதில் இழப்பீட்டுக்கு 150 கோடி. கட்டுமானம், பராமரிப்புக்குக் குறைந்தது 600 கோடி.

1995 நவம்பர் 20க்கும் 2021 ஜூன் 20க்கும் இடையில் தொடர்ந்து ஓராண்டாவது குடிநீர் எச்சரிக்கை இருந்த ரிசர்வில் வசித்தவர்களுக்கே தனிநபர் இழப்பீடு. தொலைதூரச் சமூகம் என்றால், எச்சரிக்கை எந்த வகையானாலும் ஆண்டுக்கு 2,000 டாலர். மற்ற இடங்களில் வகையைப் பொறுத்துத் தொகை மாறும்: 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்றால் 1,300, 'குடிக்காதீர்கள்' என்றால் 1,650, 'எதற்கும் பயன்படுத்தாதீர்கள்' என்றால் 2,000. தொலைதூரம் அல்லாத ஊரில் ஐந்தாண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்தவருக்கு 6,500 டாலர் வரும். விண்ணப்பக் காலம் ஒருமுறை நீட்டிக்கப்பட்டு 2024 மார்ச் 7இல் முடிந்தது.

பலரைக் கசக்க வைத்தது வயது விதி. 1995 நவம்பர் 20க்கு முன் பிறந்தவர்களுக்கு, அதாவது 2013 நவம்பர் 20க்குள் 18 வயதானவர்களுக்கு, 2013 நவம்பருக்குப் பிந்தைய ஆண்டுகள் மட்டுமே கணக்கு. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து ஆறாண்டுதான் பின்னோக்கிப் போகலாம் என்ற காலவரம்புச் சட்டமே காரணம். சட்டப்படி சரிதான். ஆனால் அதிக ஆண்டுகள் சிரமப்பட்ட முதியவர்தான் இதில் அதிகம் இழக்கிறார்.

ஒப்பந்தத்தை ஏற்ற ஒவ்வொரு சமூகத்துக்கும் 5 லட்சம் டாலரும், அதன் மக்கள் பெறும் மொத்த இழப்பீட்டில் பாதிக்கு நிகரான தொகையும் தனியாகக் கிடைக்கும். மக்களின் பங்கில் இதற்காக எதுவும் பிடிப்பதில்லை.

என் கணிப்பில், இழப்பீட்டைவிட அந்த 600 கோடிதான் பெரிய விஷயம். 2015இல் ஆட்சிக்கு வந்த அரசு, நீண்டகால எச்சரிக்கைகள் அனைத்தையும் 2021 மார்ச்சுக்குள் முடிப்போம் என்று வாக்குக் கொடுத்துத் தவறியது. அது வெறும் அரசியல் வாக்குறுதி. இதுவோ நீதிமன்றம் ஏற்ற கடமை: ரிசர்வ் வீடுகளுக்குப் பாதுகாப்பான தண்ணீர் கிடைக்க அரசு நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தாக வேண்டும், தரத்தில் மத்திய, மாகாண விதிகளில் எது கடுமையானதோ அதுவே அளவுகோல். பணி நடக்காவிட்டால், சமூகம் ஒப்பந்தத்தின் தகராறுத் தீர்வு வழியில் முறையிடலாம்.

நிலையம் கட்டினால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது; அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆளும் உதிரிபாகங்களும் வேண்டும். முன்பு மத்திய அரசு தன் சூத்திரப்படி கணக்கிட்ட இயக்கச் செலவில் 80 சதவீதத்தைத்தான் தந்தது. மீதி சமூகத்தின் தலையில். 2020 இறுதியில்தான் அதை 100 சதவீதமாக்குவதாக அறிவித்தது.