மூளைக்குள் ரத்தக்கசிவு: எப்போது ஆபரேஷன், எப்போது வேண்டாம்?

"நகையை வித்தாவது கட்டிடுறோம் சார், ஆபரேஷன் பண்ணிருங்க." மும்பையில் மூளை அறுவை மருத்துவராக இருக்கும் நான், நம் ஊர்க்காரர்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான். வேண்டாம் என்று சொன்னால், கைவிரித்துவிட்டதாக நினைத்து அழுகிறார்கள். அப்படியில்லை.

பிரஷர் ஏறி வெடிக்கும் குழாய் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் இருக்கும். அங்கே போக நல்ல மூளையைத் தாண்டித்தான் போகவேண்டும். உறைந்த ரத்தக் கட்டியை எடுத்துவிடலாம், அது நசுக்கிய நரம்புகளை மீட்க முடியாது. 2005இல் வெளியான ஸ்டிச் ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களும் முதலில் மருந்தில் வைத்துப் பார்த்தவர்களும் ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மூளையின் மேல்பக்கத்தில் பெரிய கட்டி என்றால், 24 மணி நேரத்துக்குள் மெல்லிய குழாய் வழியே எடுப்பது பலன் தருகிறது என்று 2024இல் என்ரிச் ஆய்வு காட்டியது.

பின்மண்டைக்குள் இருக்கும் சிறுமூளையில் பெரிய கட்டி என்றால் ஆபரேஷனுக்கு நான் தயங்குவதே இல்லை. தாராவியில் இட்லி அவித்து விற்கும் ஒரு அண்ணாச்சிக்கு விடியற்காலை மாவு ஊற்றும்போது பின்மண்டையில் சுரீரென்று வலி. வாந்தி. எழுந்தால் தள்ளாட்டம். கை கால் அசைந்தது, பேச்சும் தெளிவு. அதனால் பித்தம் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து கிளினிக்கிலும் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. மதியம் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஸ்கேனில் நாலு சென்டிமீட்டர் கட்டி, மூளைத்தண்டை நெருக்கிக்கொண்டிருந்தது. மூச்சும் சுயநினைவும் அந்தத் தண்டில்தான் இருக்கின்றன. அன்றே பின்மண்டையைத் திறந்து எடுத்தோம். மூன்று மாதம் கழித்து வந்தவர், கட்டிங் டீ கிளாஸைச் சிந்தாமல் வாய்வரை கொண்டுபோய்க் காட்டினார். நடையில் மட்டும் கால்களைக் கொஞ்சம் அகட்டி வைக்கிறார்.

திடீர்த் தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ, முகம் கோணுவதோ, பேச்சுக் குழறுவதோ வந்தால் சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள், கசிவு கூடும். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அண்ணாச்சி இரண்டு வருஷத்துக்கு முன்பே பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், "உடம்புக்கு ஒண்ணும் செய்யலியே" என்று. இப்போது முதல் ஈடு இறக்கியதும் அவர் மனைவி மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாராம்.