வேகமான வரியை ஏன் நிராகரித்தார்கள்?

பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "திறமூலக் குறியாக்க லைப்ரரி ஒன்றுக்குச் சின்னத் திருத்தம் அனுப்பினேன். இரண்டு பைட் வரிசைகளை ஒப்பிடும் லூப், வித்தியாசம் தெரிந்த பிறகும் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. வித்தியாசம் தெரிந்த இடத்திலேயே நிறுத்தினேன். விடை மாறவில்லை, வேகம் கூடியது. ஆனாலும் ஏற்கவில்லை. ஏன்?"

விடை மாறவில்லைதான். ஆனால் அந்த விடை வர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் எதிரி அளக்கிறான்.

ஒரு செய்தியோடு 16 பைட் சரிபார்ப்பு முத்திரை வருகிறது என்று கொள்வோம். போலிச் செய்தி அனுப்புகிறவன் அந்த முத்திரையை ஊகிக்க வேண்டும். மொத்த வாய்ப்புகள் 2-இன் 128ஆம் அடுக்கு. பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. லூப் பாதியில் நிற்குமானால் கதையே வேறு. முதல் பைட் சரியாக அமைந்த ஊகத்துக்கு மறுப்பு ஒரு துளி தாமதமாக வரும். அதைப் பிடிக்க அதிகபட்சம் 256 ஊகங்கள், பிறகு இரண்டாம் பைட், மூன்றாம் பைட். எல்லாம் சேர்ந்தாலும் 4,096-ஐத் தாண்டாது. ஒவ்வொரு பூட்டு வளையமும் சரியான எண்ணில் தனித்தனியே 'டிக்' என்றால் திருடனுக்கு எவ்வளவு வசதி!

நானோநொடிகளை யார் அளக்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். ஒரே ஊகத்தைப் பலமுறை அனுப்பிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கிவிடும். நேரத்தை வைத்து ரகசியச் சாவியைக் கணிக்கலாம் என்று குறியாக்க ஆய்வாளர் பால் கோச்சர் 1996இல் காட்டினார். 2003இல் ஆய்வாளர்கள் டேவிட் பிரம்லியும் டான் போனேவும், இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல லைப்ரரியில் ஓடும் சர்வரின் ரகசிய ஆர்எஸ்ஏ (ஒரு குறியாக்க முறை) சாவியை உள்ளூர் நெட்வொர்க் வழியாகவே எடுத்துக் காட்டினார்கள்.

அதனால்தான் அந்த லூப் பிடிவாதமாகக் கடைசிவரை ஓடுகிறது. இணையான இரு பைட்களையும் 'எக்ஸ்-ஆர்' (XOR) செய்கிறது; ஒன்றாக இருந்தால் பூஜ்யம். அதை ஒரு மாறியில் 'ஆர்' (OR) செய்து சேர்த்துக்கொண்டே போகிறது; ஒருமுறை வித்தியாசம் பதிந்தால் அது பிறகு அழியாது. முடிவில் அந்த மாறி பூஜ்யமா என்று ஒரே ஒரு கேள்வி. நடுவில் 'இஃப்' கிடையாது.

ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் ரகசியத்தைப் பார்த்துக் கிளை பிரியும் வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2010இல் குறியாக்க நிரலாளர் ஆடம் லாங்லி செய்த வேலை இன்றும் என்னைப் பரவசப்படுத்துகிறது. வால்கிரைண்ட் என்ற கருவி, மதிப்பு இடப்படாத நினைவகத்தைக் கண்காணிக்கும். அந்த நினைவகத்தை நகலெடுக்கலாம், கூட்டலாம், வால்கிரைண்ட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதை நம்பி ஒரு 'இஃப்' முடிவெடுத்தாலோ, அதை முகவரியாக வைத்து அட்டவணையில் தேடினாலோ எச்சரிக்கும். லாங்லி, ரகசியச் சாவியையே 'மதிப்பு இடப்படாதது' என்று அந்தக் கருவியிடம் அறிவித்துவிட்டார். அவ்வளவுதான்! சாவியிலிருந்து பிறந்த ஒவ்வொரு மதிப்பையும் அது பின்தொடர்ந்து, நேரக் கசிவு உண்டாகும் வரியைக் காட்டிக்கொடுக்கிறது. பிழை பிடிக்கச் செய்த கருவி ரகசியக் காவலாளி ஆகிவிட்டது.

இதே வால்கிரைண்ட் எச்சரிக்கைதான் 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழுவைத் தடுமாற வைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ரேண்டம் எண் பகுதியில் எச்சரிக்கை வந்த இரு வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் உண்மையான எதேச்சைத் தன்மையைக் கலந்துகொண்டிருந்தது. மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புராசஸ் எண் மட்டும்: 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் தெரியவரும்வரை டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் பலவீனமான சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன.

இவ்வளவு நுணுக்கமான காவலை யார் செய்கிறார்கள்? 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அதற்கு நேரடி நன்கொடையாக ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது என்று அந்தத் திட்டத்தின் நிதியைக் கவனித்த ஸ்டீவ் மார்க்வெஸ் எழுதினார். இந்த நிரல்களை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வங்கிகளும் அரசுத் துறைகளும் அவற்றைச் சரிபார்க்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

அந்த மாணவருக்கு: வால்கிரைண்டும் எல்லாவற்றையும் பிடிக்காது. வகுத்தல் கட்டளைக்கு ஆகும் நேரம் பல சிப்களில் எண்ணைப் பொறுத்து மாறும். 2023 இறுதியில், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் கைபர் என்ற குறியாக்க முறையின் நிரல்களில் அகப்பட்ட கசிவு அப்படிப்பட்டது. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் நீங்கள் எழுதாத கிளையைத் தானாகச் சேர்க்கக்கூடும். ஆகவே அடுத்த திருத்தத்தை அனுப்புமுன் கம்பைலர் தரும் அசெம்பிளியை, அதாவது சிப்புக்கான கட்டளைகளைத் திறந்து படியுங்கள். ஒவ்வொரு கம்பைலருக்கும், ஒவ்வொரு ஆப்டிமைசேஷன் நிலைக்கும் தனித்தனியாக.