பரணில் நீட்டிய கை

காலபோக நெல் குடலைப் பருவத்தில் நின்றது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள மாமாவின் வயலுக்குப் பன்றிக் காவலுக்குப் போயிருந்தேன். நிலவு இல்லை. பரணில் படுத்தால் முகத்துக்கு நேரே பால்வீதி.

“மாமா, கையை விரிச்சு நீட்டுங்கோ” என்றேன். “இப்ப ஒண்டு உங்கட கைக்குள்ளால போயிருக்கும். இந்தா, இன்னொண்டு.”

அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். “பூச்சியோ தம்பி?”

பூச்சியல்ல, மியூவான் என்ற நுண்துணிக்கை. விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் அண்டக் கதிர்களில் பெரும்பாலானவை புரோத்தன்கள். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீற்றருக்கு மேல் ஏறிப்போய்த்தான் இக்கதிர்கள் மேலிருந்து வருவதைக் கண்டுபிடித்தார். அவை வளியின் அணுக்கருக்களில் மோதிச் சிதறும் துணிக்கைகளிலிருந்து மியூவான் பிறக்கிறது. இலத்திரனுக்கு அண்ணன் என்று சொல்லலாம்: மின்னேற்றம் ஒன்றே, திணிவு மட்டும் 207 மடங்கு. உள்ளங்கை அகலத்துக்குச் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் அது தரைக்கு வந்துகொண்டிருக்கிறது, இரவும் பகலும்.

ஆனால் அது வரவே கூடாது! உயர்தரம் படித்த காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்து, அதில் இரண்டு துண்டும் கொஞ்சமும். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீற்றர்தான் போகலாம். அது பிறப்பதோ சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில். கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு ஏறக்குறைய அவ்வளவு தூரம். அப்படியென்றால் கிளிநொச்சி நகரைத் தாண்டுமுன்னே செத்துப்போக வேண்டியது, ஆனையிறவில் வந்து நிற்கிறது. எப்படி?

அதன் நேரம் மெதுவாக ஓடுகிறது. 1905இல் ஐன்ஸ்டீன் சொன்னது இதைத்தான்: வேகமாக ஓடுவதன் கடிகாரம், நின்று பார்ப்பவருக்கு மெதுவாக நகரும். ஒளி வேகத்தின் 99.94 சதவீதத்தில் ஓடும் மியூவான், எங்கள் கணக்கில் ஏறக்குறைய 29 மடங்கு காலம் வாழும். 64 மைக்ரோ செக்கன், 19 கிலோமீற்றர். தரைக்கு வந்து சேர அது தாராளம். ஜெனிவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் 1970களில் மியூவான்களை வளையத்துக்குள் சுற்றவிட்டு அளந்தார்கள். அதே 29 மடங்கு!

இன்னும் அழகு, மியூவானின் பக்கம் நின்று பார்ப்பது. அதற்குத் தன் ஆயுள் அதே 2.2தான். சுருங்குவது வழி. அதன் கணக்கில் ஆனையிறவு வெறும் 500 மீற்றர் தூரத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு கணக்கும் சரி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கிறது. நேரம் வளைவதைக் காண ரொக்கெட் தேவையில்லை, விரித்த கையே அதற்குச் சாட்சி.

மாமா கையை மடக்கவில்லை. “கைக்குள்ளால போய்?”

“நிலத்துக்குள்ள போகும். கல்லுக்குள்ளாலயும் போகும். அடர்த்தியான இடத்தில கொஞ்சம் மறிபடும், வெறுமையான இடத்தில கூடக் கடக்கும். 2017இல எகிப்துப் பிரமிட்டுக்குள்ள ஒரு பெரிய வெற்றிடத்தை இப்பிடித்தான் கண்டுபிடிச்சவை.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப எங்கட குளக்கட்டுக்குள்ள கறையான் பொந்து வைச்சிருக்கோ எண்டும் பாக்கலாமோ?”

“சின்னப் பொந்து கஷ்டம் மாமா. பெரிசெண்டால், கட்டின் ஓரமா கருவியைக் கனநாள் வைச்சு எண்ணிப் பாக்கலாம்.”