கணவாய் ஒத்துக்கொள்ளாதவர் ஆக்டோபஸ் சாப்பிடலாமா?

உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்போடு ஒரு பெண் வந்தார். கணவாய் சாப்பிட்டால் தடிக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். பல வருடங்களாகத் தொடுவதில்லை. "இது கணவாய் இல்லையே டாக்டர், ஆக்டோபஸ்தானே சாப்பிட்டேன்?" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. இரண்டும் வேறு வேறு உயிரினங்கள்தான். ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள், அவ்வளவுதான். ஊசிக்கணவாய்க்கு (இங்கே கணவாய் என்று சொல்வது இந்த ஸ்க்விட்டைத்தான்) அந்த எட்டோடு நீளமான இரண்டு உணர்கொம்புகள் உண்டு. பாய்ந்து இரை பிடிப்பது அவற்றால். கணவாயைச் சுத்தம் செய்யும்போது உள்ளேயிருந்து பிளாஸ்டிக் பட்டை மாதிரி ஒன்றை உருவி எடுப்போமே, அது கணவாயின் முன்னோர்களுக்கு இருந்த ஓட்டில் எஞ்சியது. ஆக்டோபஸில் அப்படி உருவி எடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் சின்னச் சந்து கிடைத்தாலும் முழு உடம்பையும் நுழைத்துவிடுகிறது.

ஆனால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் கைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டின் தசையிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரே அச்சில். ஒன்றுக்கு எதிராக உடம்பு ஆயுதம் தயாரித்துவிட்டால் மற்றதையும் அது தாக்கலாம். நன்றாக வேகவைத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள்; இந்தப் புரதம் சூட்டுக்கு அசைவதில்லை. தமிழில் ஆக்டோபஸுக்குப் பேய்க்கணவாய் என்றே ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர்கள் உறவைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இறால், நண்டிலும் இதே வகைப் புரதம் உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் கணவாயும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை, சிலருக்கு அப்படி. வீட்டில் கொஞ்சம் தின்று சோதித்துப் பார்க்காதீர்கள். மூச்சுத் திணறல், குரல் கம்முவது, தலைசுற்றல் வந்தால் மாத்திரை தேடி நேரத்தைக் கடத்தாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அங்கே முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் நிஜமாகவே தூரம். 100 கிராம் பச்சைக் கணவாயில் சுமார் 230 மில்லிகிராம். ஆக்டோபஸில் 50-ஐ ஒட்டித்தான். புரதம் இரண்டிலும் சுமார் 15 கிராம். எண்ணெயில் பொரித்துவிட்டால் கணக்கே வேறு, அதைச் சொல்லத் தேவையில்லை.

சமையலிலும் பக்குவம் வேறு. கணவாய் வளையம் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும், தாண்டினால் ரப்பர்தான். ஆக்டோபஸ் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம்கூடக் கேட்கும்.

வீக்கம் வடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "அப்போ சிப்பி சாப்பிடலாமா?" சிப்பியும் கணவாய், ஆக்டோபஸ் இருக்கும் அதே மெல்லுடலிக் கூட்டம்தான். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.