பாதியில் விட்ட மொழியைப் பற்றியே பேசுங்கள்

இந்த மாதம் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதிக்கான மாதிரித் தேர்வுக்கு என் எதிரில் வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர், கற்க விரும்பும் அயல்மொழி எது என்று கேட்டால், பிரெஞ்சு என்கிறார்கள். காரணமும் ஒன்றேதான்: அது காதலின் மொழி, இசை போன்ற மொழி, பல நாடுகளில் பேசப்படும் மொழி. வரிசைகூட மாறுவதில்லை. யாரோ எழுதிய ஒரு பக்கக் குறிப்பு கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில் என்பதால் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு திருத்தி வந்தேன். இந்த வாரம் ஒரு செவிலியர் வந்து போன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் பகுதியில் வேலை, படிப்பு பற்றிக் கேட்டபோது அவர் நன்றாகவே பேசினார். சிறு பிழைகள் இருந்தன, ஆனால் பேச்சில் உயிர் இருந்தது. ‘ஆங்கிலம் தவிர நீங்கள் கற்க விரும்பும் ஓர் அயல்மொழி’ என்ற அட்டையைக் கொடுத்ததும் குரல் மாறிவிட்டது. கண்கள் என் தோளுக்கு மேலே எங்கோ நிலைகுத்தி நின்றன. அதுவரை வாயில் வராத கனமான சொற்கள் மூச்சு விடாமல் வந்து விழுந்தன. ‘அந்த மொழியில் எந்த ஒலி உங்களுக்குக் கடினமாகத் தெரிகிறது?’ என்று கேட்டேன். பதில் இல்லை. பிரெஞ்சை அவர் ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை.

பிறகு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, வெளிநாட்டு வேலைக்காக அவர் சில மாதங்கள் ஜெர்மன் படித்திருக்கிறார். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டிலும் சேராத மூன்றாவது பால். உயிரற்ற பொருளெல்லாம் அஃறிணை என்று பேசி வளர்ந்தவருக்கு இது பிடிபடவே இல்லை. இரவுப் பணியில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே, கண்ணில் படும் ஒவ்வொரு பொருளுக்கும் பால் சொல்லிப் பார்ப்பாராம். பணிச்சுமை கூடியதும் வகுப்பை விட்டுவிட்டார். இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் கைகள் அசைந்தன, குரல் ஏறி இறங்கியது, நடுவில் தன் பிழை ஒன்றைத் தானே திருத்திக்கொண்டார். ‘தேர்வில் ஏன் இதைச் சொல்லவில்லை?’ என்றேன். ‘பாதியில் விட்டதைச் சொன்னால் மதிப்பெண் குறையுமே, மேடம்’ என்றார்.

யார் சொன்னது இதை?

பேச்சுத் தேர்வில் மதிப்பிடப்படுபவை நான்கு: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. நீங்கள் எத்தனை மொழி அறிந்தவர், எந்த மொழியை மதிப்பவர், தொடங்கியதை முடித்தவரா என்பதெல்லாம் இந்த நான்கில் எங்கே வருகிறது? எங்கும் வராது. தேர்வாளர் உங்களை வேலைக்கு எடுக்க வந்தவர் அல்லர், உங்கள் ஆங்கிலத்தைக் கேட்க வந்தவர். ‘எனக்கு எந்த அயல்மொழியும் தெரியாது, கற்கும் ஆசையும் வந்ததில்லை, ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால்…’ என்று தொடங்கி 9க்கு 8 வாங்கலாம். ஆறு மொழிகளின் பட்டியலோடு தொடங்கி 5 வாங்கலாம். எடுத்துக்கொண்ட மொழி எது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதை வகுப்பில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். தலையாட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் பிரெஞ்சோடு வருகிறார்கள்.

மனப்பாடம் பிடிபடாது என்ற நம்பிக்கை இன்னும் மோசம். முதல் பகுதியில் எளிய வாக்கியத்தில் தடுமாறியவர் இரண்டாம் பகுதியில் திடீரென மேடைப் பேச்சாளர் ஆகி, மூன்றாம் பகுதியில் மீண்டும் தடுமாறினால் யாருக்குத்தான் தெரியாது? இலக்கணத்துக்கான மதிப்பீட்டு விவரணையில், மனப்பாடம் செய்ததாகத் தோன்றும் வாக்கியங்களில் தவிர மற்ற இடங்களில் பிழைகள் மலிந்திருப்பது 3ஆம் பேண்டின், அதாவது 3 மதிப்பெண் நிலையின், அடையாளமாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. மறுபக்கம், 9ஆம் பேண்டின் விவரணை தயக்கத்தை முழுக்க மறுக்கவில்லை. அந்தத் தயக்கம் சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதால் வராமல், என்ன சொல்வது என்று யோசிப்பதால் வர வேண்டும், அவ்வளவுதான். யோசித்துப் பேசுங்கள். நிறுத்தமில்லாமல் கொட்டுவது சரளம் ஆகாது.

அந்தச் செவிலியரின் ஜெர்மன் கதையை ஒரு பயிற்சியாளராகக் கேட்டுப் பார்க்கிறேன். போன வருடம் படித்தேன். படித்துக்கொண்டிருந்தபோது வேலை கூடியது. அப்போது விடாமல் இருந்திருந்தால் இந்நேரம் பேசியிருப்பேன். நேரம் கிடைத்தால் மறுபடியும் தொடங்குவேன். நான்கு வாக்கியங்களுக்குள் எத்தனை காலங்கள், எத்தனை நிபந்தனை வாக்கியங்கள் வந்துவிட்டன! இலக்கண வீச்சு என்று கேட்பது இதைத்தான். பிரெஞ்சுக் குறிப்பில் இருப்பதோ முழுக்க நிகழ்கால வாக்கியங்கள். வெற்றிக் கதையைவிடப் பாதியில் விட்ட கதையில்தான் உங்கள் ஆங்கிலத்துக்கு வேலை அதிகம்.

அடுத்து, அட்டையை ஒழுங்காகப் படியுங்கள். ‘ஆங்கிலம் தவிர’ என்று அச்சிட்டிருக்கும்போது ஆங்கிலம் கற்ற கதையைச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆயத்தம் செய்ய ஒரு நிமிடமும் தாளும் பென்சிலும் தருகிறார்கள். அதில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். எந்த மொழி, எங்கே இடறினேன், யார் உதவினார் என்று நான்கைந்து சொற்கள் போதும். பேசுவதற்கு இரண்டு நிமிடம் வரை உண்டு. நேரம் முடிந்து தேர்வாளர் உங்களை நிறுத்தினால், பேச்சு பிடிக்காமல் நிறுத்தியதாக எண்ணி முகம் வாடாதீர்கள். அது நேரக் கணக்கு மட்டுமே. கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

அயல்நாட்டுக்காரர் போல நாக்கைச் சுழற்ற வேண்டாம். உச்சரிப்பில் பார்ப்பது, கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதைத்தான். சொல்லில் அழுத்தம் விழும் இடத்தைக் கவனியுங்கள்; மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டும் பழக்கத்தை விடுங்கள். அது போதும்.

மூன்றாம் பகுதி உங்களைத் தாண்டிப் பொது விஷயத்துக்குப் போகும். குழந்தைகள் மொழியை விரைவாகப் பிடித்துக்கொள்வது ஏன், பள்ளியில் அயல்மொழியைக் கட்டாயமாக்கலாமா, மொழிபெயர்ப்புச் செயலி கையில் இருக்கும்போது இன்னொரு மொழி எதற்கு, சிறிய மொழிகள் மறைந்துபோனால் என்ன இழப்பு? இவற்றுக்குக் குறிப்பேட்டில் விடை தேடாதீர்கள். தான் செயலியைக் காட்டிப் பேசிய நோயாளியிடமும், தட்டுத்தடுமாறியாவது நோயாளியின் மொழியிலேயே தான் பேசிய இன்னொருவரிடமும் கண்ட வேறுபாட்டை அந்தச் செவிலியரால் சொல்ல முடியும். எந்தக் குறிப்பு எழுதியவருக்கும் அது தெரியாது.

தயவுசெய்து அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் உண்மையில் காதால் கேட்ட, தொட்டுப் பார்த்த, தோற்றுப்போன ஒரு மொழியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டில் ஒருவரிடம் போட்டுக் காட்டி, மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். அவற்றுக்கு எழுதிவைக்காமல், அந்த இடத்திலேயே ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள். மறுநாள் அதே மொழியைப் பற்றி, வேறொரு வாக்கியத்தில் தொடங்கிப் பேசுங்கள்.