யாரோ அடுக்கிய கல்லை நம்பிக் காட்டுக்குள் இறங்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு குழு வழி தவறியது. யாரோ எப்போதோ அடுக்கிவிட்டுப் போன மூன்று கற்களைப் பார்த்து, அதுதான் பாதை என்று யானைத்தடத்தில் இறங்கிச் சோலைக்குள் மாட்டிக்கொண்டார்கள். நல்லவேளை, இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம். மலையேற்ற வழிகாட்டியான எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

போகிற வழியில் கல் அடுக்கியும் கிளை ஒடித்தும் அடையாளம் வைக்கிறவர்களைக் கேட்டால், "பெயின்ட் அடிக்கவில்லை, பிளாஸ்டிக் கட்டவில்லை. கல்லும் குச்சியும்தானே?" என்கிறார்கள். இயற்கையான பொருள் என்பதாலேயே அது நல்ல அடையாளம் ஆகிவிடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் யானையும் காட்டுமாடும் போகிற வழியெல்லாம் கிளை ஒடிந்துதான் கிடக்கும். அதில் நீங்கள் ஒடித்தது எது என்று திரும்பும்போது எப்படித் தெரியும்? குச்சியில் போட்ட அம்புக்குறியைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிவிடும். புல்லில் போட்ட முடிச்சு, மூடுபனி இறங்கினால் காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. மரப்பட்டையைச் செதுக்கவே செதுக்காதீர்கள். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சை ஏறும். கல்லடுக்கு மட்டும்தான் நிற்கும். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் நிற்கும், அடுத்து வருகிறவரைக் குழப்பிக்கொண்டு.

ஓடையில் கல் எடுப்பவர்கள் அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். மணல்துகளை ஒட்டவைத்துக் கட்டிய சின்னச் சின்னக் கூடுகள் இருக்கும். உள்ளே நீர்ப்பூச்சியின் புழு. வெயிலில் அடுக்கினால் காய்ந்து செத்துப்போகும். கரைமேட்டுக் கல்லுக்கு அடியில் தேளோ பாம்போ இருக்கலாம், வெறுங்கையை விடாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் அனுமதி வாங்குங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 20 பேருக்கு மேல் பலிவாங்கிய பிறகுதான் தமிழகத்தில் மலையேற்ற விதிகளே வந்தன. அதற்குப் பிறகும் வழிகாட்டி இல்லாமல் கிளம்பினால் எப்படி? பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். திரும்பும்போது உங்களுக்குத் தெரியப்போவது அந்தப் பக்கம்தான். வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வழி தவறினால் மேற்கொண்டு நடக்காதீர்கள். உட்காருங்கள். மூன்று விசில், சிறு இடைவெளி, மறுபடி மூன்று. சிக்னல் இருந்தால் 112.

பின்னால் வரும் உங்கள் ஆட்களுக்காகக் குறி வைத்தே ஆகவேண்டும் என்றால், பாதையில் கிடக்கும் காய்ந்த குச்சி போதும். கடைசியில் வருகிறவர் அதைக் கலைத்துவிட்டு வரட்டும். யார் கடைசி என்பதை மட்டும் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், தயவுசெய்து.