பெட்டி பிரிக்காத பொம்மையும் வருமான வரியும்

கணக்குத் தாக்கல் நேரத்தில் வரும் இளைஞர்கள் பலர் சம்பளச் சான்றிதழை மட்டும் நீட்டுகிறார்கள். வங்கி அறிக்கையைப் புரட்டினால், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மூவாயிரம், எட்டாயிரம் என்று யுபிஐ வரவுகள். குறைந்த எண்ணிக்கையில் வெளியாகும் திரைப்பட உருவ பொம்மைகள், வரிசை எண் இட்ட போஸ்டர்கள், பாடல் இசைத்தட்டுகள் ஆகியவற்றை வாங்கி விற்றதில் வந்த பணம் அது. "அது சும்மா பொழுதுபோக்கு சார்" என்பார்கள்.

ஒரு ஆடிட்டராக என்னால் அப்படி எழுத முடியாது. வாங்கும்போதே விற்கும் எண்ணம் இருந்தால் அது வியாபாரம். ஒரே ஒரு தடவை செய்திருந்தாலும் அப்படித்தான். இதற்கு நாங்கள் இன்றும் காட்டும் தீர்ப்பு, கோவை ஜனார்த்தனா மில்லை ஒட்டிய நிலம் பற்றியது. ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனம் அதை 8,713 ரூபாய்க்கு வாங்கி, 1947-இல் அந்த மில்லுக்கே 52,600 ரூபாய்க்கு விற்றது. மறுவிற்பனைதான் நோக்கம் என்று கண்ட உச்ச நீதிமன்றம், 1958-இல் அந்த லாபத்தை வியாபார வருமானம் என்றது.

ஆசைப்பட்டு வாங்கி, அலமாரியில் வைத்து, வீடு மாறும்போது விற்ற பொம்மை சொந்த உபயோகப் பொருள். அதற்குப் பொதுவாக வரி இல்லை. (ஓவியமும் சிற்பமும் அந்தச் சலுகையில் சேரா; கையால் வரைந்த பழைய பேனர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.) ஒரே பொம்மையில் நான்கு பெட்டி, நான்கும் பிரிக்காதவை என்றால் சொந்த உபயோகம் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

வருமான வரியாவது பலருக்குத் தெரிந்த சங்கதி. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 1,999 ரூபாய் என்று அச்சிட்ட, முத்திரை உடையாத பெட்டியை ஆறாயிரத்துக்கு விற்பது எடையளவுச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் மட்டுமல்ல, வேறு எவரும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கின்றன 2011-ஆம் ஆண்டு விதிகள். வாங்குபவர் மனமுவந்து கொடுத்தார் என்பது பதிலாகாது. இந்தத் தொழிலின் லாபமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பதால், இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும்.

அடுத்தது ஜிஎஸ்டி. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அது மாநிலத்துக்குள் விற்கும் வரைதான். வியாபாரமாகச் செய்பவர் பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். தொகை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை.

வாங்கிய பில், கூரியர் ரசீது, விற்பனைத் தளத்தின் கமிஷன் விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். லாபத்திலிருந்து கழிக்க அவைதான் ஆதாரம். நிறுவனம் அதே பொம்மையை மீண்டும் வெளியிட்டு விலை சரிந்தால், அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் மட்டும், 8 ஆண்டுகள் வரை பின்னால் வரும் வியாபார லாபத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.